மாரிட்ஸ்பர்க்கில் மருத்துவ ஸ்டார்ட்-அப் கூட்டம்: மூன்றாவது சந்திப்புக்கு நாலே பேர் வந்தோம்

ரெய்ஸ்தார்ப்_பொறியாளன் | ஞாயிறு மாலை

எல்லாருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் (சுருக்கமாக மாரிட்ஸ்பர்க்) வந்து ஆறு வருஷம் ஆகிறது. எனக்கு மென்பொருள் வேலை, மனைவி பிசியோதெரபிஸ்ட். எதிர்வீட்டில் ஓர் ஆயா இருக்கிறார். இந்த ஊர்த் தமிழர்கள் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க, மாதம் ஒருமுறை விடிவதற்கு முன்பே எழுந்து கிளினிக் போவார். போன வருஷம் ஒருநாள் நான் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்தேகாலுக்கு வரிசையில் நின்றோம், முன்னால் நாற்பது பேருக்கு மேல். வீடு திரும்ப மதியம் ஒன்றரை. நர்ஸ் அவரைப் பார்த்தது ஏழு நிமிஷம். மீதி நேரமெல்லாம் ஃபைல் தேடவும் மருந்து ஜன்னலில் நிற்கவும் போனது.

டாக்டர், நர்ஸ், மருந்தாளர், கோட் எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் தெரியாது, சேர்த்து உட்கார வைத்தால் ஏதாவது பிறக்கும் என்று அன்றைக்குத் தோன்றியது. பிப்ரவரியில் ஆரம்பித்தோம். வாடகைக்கு ஓர் அரங்கம், வெள்ளி மாலை ஆறரை. டர்பனிலிருந்து முதலீட்டு ஆலோசகர் ஒருவர் வந்து பேசினார். யோசனைப் போட்டி வைத்தோம், பரிசும் கொடுத்தோம். முதல் கூட்டத்துக்கு 31 பேர். அடுத்ததற்கு 12. மூன்றாவதற்கு 4, அதில் இரண்டு பேர் நானும் மனைவியும்.

நிறுத்திவிட மனம் வரவில்லை. இந்த அளவு ஊரில் இப்படி ஒரு கூட்டம் நிலைக்குமா? எங்கே தப்பு செய்தோம்?

வார்டு_அக்கா | ஞாயிறு இரவு

தம்பி, அந்த 31 பேர்ல நர்ஸ் எத்தனை பேர்?

ரெய்ஸ்தார்ப்_பொறியாளன் | ஞாயிறு இரவு

ஒருவர்தான் அக்கா. இரண்டாவது கூட்டத்துக்கு அவரும் வரவில்லை.

வார்டு_அக்கா | திங்கள் காலை

அப்படித்தான் நெனச்சேன். நைட் டூட்டி முடிச்சு வந்து எழுதறேன்.

வார்டுல ஷிப்ட் காலை ஏழு முதல் ராத்திரி ஏழு வரைக்கும். நீங்க கூட்டம் வெச்ச ஆறரைக்கு நான் அடுத்து வர்றவங்ககிட்ட ஒப்படைக்க பேஷன்ட் விவரம் எழுதிக்கிட்டிருப்பேன். கிளினிக் நர்ஸ் நாலரைக்கு முடிப்பாங்க. அவங்கள்ல பாதிப் பேர் வீடு ஈடன்டேல், இம்பாலி பக்கம். மினிபஸ் டாக்ஸியில போகணும், இருட்டினா திரும்பி வர வண்டி கிடைக்காது. வெள்ளி சாயங்காலம்னா கார் வெச்சிருக்கறவங்களுக்கும், முடிவு நேரம் தன் கையில இருக்கறவங்களுக்கும் மட்டும்தான் தோதுப்படும். வந்ததும் அவங்கதான்.

அந்த ஆயா ஃபைலைப் பத்தி ஒண்ணு சொல்றேன். ஏன் தேடினாங்க தெரியுமா? எங்க ரிக்கார்டு ரூம்ல நாயுடு, பிள்ளை, மூட்லி, கோவெண்டர்னு அலமாரி அலமாரியா இருக்கும். டுலாமினி, ம்கிஸேன்னு சூலு குடும்பப் பேரும் அதே மாதிரி. ஒருத்தர் கிளினிக் கார்டைத் தொலைச்சுட்டு வந்தா, கிளார்க் அவசரத்துல புது நம்பர் போட்டுப் புது ஃபைல் திறந்துடுவாங்க. ரெண்டு வருஷத்துல ஒரே ஆளுக்கு மூணு ஃபைல். போன தடவை மாத்திரை அளவு மாத்தினது ஒண்ணுல இருக்கும், சிறுநீரக ரத்தப் பரிசோதனை இன்னொண்ணுல இருக்கும்.

அடையாள எண்ணை வெச்சுத் தேடற தேசியப் பதிவு முறை இருக்கு, இந்த நாட்டு அரசு ஆய்வு நிறுவனம் சி.எஸ்.ஐ.ஆர். சுகாதாரத் துறையோட சேர்ந்து செஞ்சது. நல்ல முறைதான். ஆனா கணினி ஓடணும், லைன் இருக்கணும், அந்த நாற்காலியில ஆள் இருக்கணும். இதுல எது இல்லாம வரிசை நீளுதுன்னு வாரத்துல எந்தக் கிழமைன்னு சேர்த்து எங்களால சொல்ல முடியும். உங்க கூட்டத்துல யாரும் எங்களைக் கேக்கல.

டர்பன்_கடலோரம் | திங்கள் மதியம்

நேராகச் சொல்கிறேன். மாரிட்ஸ்பர்க்கில் உழைப்பை வீணாக்காதீர்கள். மருத்துவக் கல்லூரி டர்பனில். முதலீடு கேப்டவுன், ஜோகன்னஸ்பர்க்கில். செல்போனில் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஹியர்எக்ஸ் நிறுவனம் பிறந்தது பிரிட்டோரியாவில். எண்பது கிலோமீட்டர்தானே, என்-3 ரோட்டில் வண்டியை விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் டர்பன். ஏற்கெனவே இருக்கும் கூட்டத்தில் சேருங்கள்.

மருந்துக்கடை_மாமா | செவ்வாய் இரவு

டர்பன் தம்பி சொல்வதில் பணம் பற்றிய பகுதி உண்மை. மற்றதை நான் ஏற்கவில்லை.

இந்த ஊரில் முப்பது வருஷத்துக்கும் மேலாக மருந்து கட்டிக் கொடுத்திருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரின் அமைப்பு தெரிவதில்லை. நார்த்டேலில் மாவட்ட மருத்துவமனை. ஈடன்டேலில் அதற்கு அடுத்த படி, இப்போது ஹாரி க்வாலா பெயரில் இருக்கிறது. அதற்கும் மேலே கிரேஸ் மருத்துவமனை, 1855-இல் தொடங்கியது, சிறப்பு மருத்துவர்கள் இருக்கும் இடம். ஒரு நோயாளி கிளினிக்கில் ஆரம்பித்து மூன்று படியும் ஏறி மறுபடி கிளினிக்குக்கே திரும்பும் முழுப் பாதையையும் ஒரே ஊருக்குள் அரை நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம். எந்தப் படியில் கடிதம் தொலைகிறது, எந்தப் படியில் மாத்திரையின் பெயர் மாறுகிறது என்பதைப் பெரிய நகரத்தில் ஒரே ஆள் தொடர்ந்து பார்ப்பது கஷ்டம்.

இன்னொன்றை யாருமே சொல்லவில்லை. குவாசுலு-நட்டால் மாகாணத்தின் தலைநகர் டர்பன் இல்லை, இதுதான். மாகாண சுகாதாரத் துறையின் தலைமையகம் இங்கே லங்கலிபலேலே தெருவில், நட்டாலியா கட்டடத்தில் இருக்கிறது. மாகாணத்தின் அரசு மருத்துவத்துக்கு எதை வாங்குவது என்பதில் முடிவெடுப்பவர்கள் பலர் மதியச் சாப்பாட்டுக்கு நடந்து போகும் தெரு அது. இந்த நாட்டில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அரசு மருத்துவத்தை நம்பியிருக்கிறார்கள், மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஆறில் ஒருவர் அளவுக்குத்தான். அப்படியிருக்க, உங்கள் வாடிக்கையாளரின் வாசலை விட்டுவிட்டு முதலீட்டாளரைத் தேடி ஏன் மலையிறங்க வேண்டும்? 2012-இல் தேசிய சுகாதாரக் காப்பீட்டுக்கு முன்னோட்ட மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது நம் உம்குங்குண்ட்லோவு மாவட்டமும் அதில் ஒன்று. சட்டம் கையெழுத்தானது 2024 மே மாதம், நடைமுறைக்கு வர இன்னும் வழக்குகள் தாண்ட வேண்டும். ஆனாலும் அந்த முன்னோட்டக் காலத்தில் கிளினிக்குகளுக்குள் வேலை பார்த்தவர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்த அறிக்கையிலும் முழுசாக இல்லை.

பெரிய நகரத்தில்தான் எல்லாம் பிறக்கும் என்பதும் சரியில்லை. வூலா செயலியைப் பாருங்கள். கிராமத்து நர்ஸும் இளம் டாக்டரும் படம் எடுத்து அனுப்பி, சிறப்பு மருத்துவரிடம் நேரடியாக ஆலோசனை கேட்கும் செயலி. அதைத் தொடங்கிய கண் மருத்துவர் வில்லியம் மஃபாமுக்கு அந்த எண்ணம் வந்தது ஸ்வாசிலாந்தின் (இப்போது எஸ்வாட்டினி) கிராமப்புறக் கண் கிளினிக் ஒன்றில் வேலை பார்த்தபோது. பெலிபாக்ஸ் என்ற மருந்துப் பெட்டி இருக்கிறது, குறுஞ்செய்தியில் வரும் எண்ணை அழுத்தினால் உங்கள் மாத மருந்து இருக்கும் கதவு மட்டும் திறக்கும். அதைச் செய்த நியோ ஹுட்டிரி, காசநோய்க்கு மருந்து வாங்கத் தானே வரிசையில் நின்றவர். 2019-இல் பொறியியல் கண்டுபிடிப்புக்கான ஆப்பிரிக்கப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

நம் ஊர்ப் பக்கமே பாருங்களேன். 1976-இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்தை ஆரம்பித்தார். கண்புரை அறுவை பெருகப் பெருக, வெளிநாட்டு லென்ஸின் விலை கழுத்தை நெரித்தது. 1992-இல் ஆரோலேப் தொடங்கி லென்ஸை அங்கேயே செய்தார்கள். மதுரை அன்றைக்கு முதலீட்டாளர் தேடி வந்த ஊரா? அறுவை அரங்கமும் பட்டறையும் ஒரே ஊரில் இருந்தன. லென்ஸில் குறை இருந்தால் அறுவை செய்தவர் லென்ஸ் செய்தவரிடமே போய்ச் சொல்ல முடிந்தது. எனக்கு அந்த நெருக்கம்தான் முக்கியமாகப் படுகிறது.

ரெய்ஸ்தார்ப்_பொறியாளன் | புதன் காலை

மாமா, நட்டாலியா கட்டடத்தைத் தாண்டி வாரம் நாலு தடவை போகிறேன். இப்படி ஒருநாளும் யோசித்ததில்லை.

சரி, அப்படியானால் எந்தப் பிரச்சினையில் தொடங்குவது? ஃபைலா, மருந்து வரிசையா?

நார்த்டேல்_மகள் | புதன் இரவு

வணக்கம் அண்ணா. நான் இங்கேயே பிறந்தவள், ஐந்தாவது தலைமுறை. பாத மருத்துவம் படித்தேன்.

மருந்து வரிசைக்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. 2014-இலிருந்து அரசே, நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மருந்தைப் பொட்டலம் கட்டி, பக்கத்து மருந்துக்கடைக்கோ கூடத்துக்கோ அனுப்புகிறது. உங்கள் ஆயாவும் அதில் சேரலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். எச்.ஐ.வி. மருந்துக்கு மட்டும் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொண்டு வெட்கப்பட்டு ஒதுங்குகிறார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் உண்டு.

என் மனசில் இருப்பது வேறு. கால்.

புனித வெள்ளி அன்று இந்த ஊர் மாரியம்மன் கோயில் தீமிதியைப் பார்க்காதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். என் தாத்தா மிதித்தார், அப்பா மிதித்தார், நான் சிறுமியாக மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு ஓரத்தில் நின்றிருக்கிறேன். நோன்பிருந்து, வேப்பிலை கட்டி, அம்மா பெயரைச் சொல்லி இறங்கும் அந்த பக்தியை நான் யாரிடமும் கேள்வி கேட்க மாட்டேன். ஆனால் நம் ஜனங்களிடம் சர்க்கரை எவ்வளவு அதிகம் என்று எல்லாருக்கும் தெரியும். பல வருஷம் சர்க்கரை கூடியே இருந்தால் பாதத்து நரம்பு செத்துப்போகலாம். அப்புறம் சூடு தெரியாது, முள் தெரியாது. என் பெரியப்பா கொப்புளத்தை இரண்டு நாள் கழித்து, காலுறையில் ஈரம் கண்ட பிறகுதான் பார்த்தார். ஆறு மாதம் ஆறவில்லை. இடது காலில் இரண்டு விரல் போயிற்று.

தீமிதிக்கு மட்டும் சொல்லவில்லை. வெறுங்காலோடு காவடி எடுக்கிறோம், வெயிலில் காய்ந்த தாரோட்டில் தேர் இழுக்கிறோம். இம்பாலியில் பிளாஸ்டிக் செருப்போடு தண்ணீர் சுமக்கும் கோகோவுக்கும் இதே கதிதான். சூலு மொழியில் கோகோ என்றால் ஆயா.

இதைக் கண்டுபிடிக்க எந்தச் செயலியும் வேண்டாம். கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை விரலால் ஒரு நொடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொட்டதும் எந்தக் கால் என்று சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால், அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது, கிளினிக்குக்குப் போக வேண்டும். பேத்தியே ஆயாவுக்குச் செய்யலாம்.

தொடுவது சுலபம். அதற்குப் பிறகுதான் வழி இல்லை. தெரியவில்லை என்று கண்டுபிடித்தவரை யாரிடம் அனுப்புவது, போனாரா, திரும்ப எப்போது பார்ப்பது? உங்கள் மென்பொருள் ஆட்களுக்கு வேலை அங்கே இருக்கிறது அண்ணா.

ஒரு வேண்டுகோள்: இது நம் ஆட்களுக்கு மட்டுமான கூட்டமாக ஆகிவிடக் கூடாது. இந்த ஊர் பேசுவது இசிசூலு, அதாவது சூலு மொழி.

வார்டு_அக்கா | வியாழன் காலை

கண்ணு, நீ எழுதினதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். எங்க வார்டுல கால் எடுத்தவங்களைத் தூக்கித் தூக்கி உக்கார வெச்சிருக்கேன். நெறைய பேர் சொல்றது ஒரே வார்த்தை: "வலியே இல்லையே சிஸ்டர், அதான் வரல."

விதிமுறை_வேலையாள் | வியாழன் மதியம்

உற்சாகத்தைக் குறைக்க எழுதவில்லை. ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் பிற்பாடு கண்ணீர் மிச்சம் என்பதால் எழுதுகிறேன்.

விரலால் தொடுவதை வீட்டார்க்குக் கற்றுக்கொடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். அதே விவரத்தைப் பெயரோடு செல்போனில் சேர்த்த நிமிஷம், தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கும் பொப்பியா சட்டம் வந்துவிடும். உடல்நல விவரம் அதில் சிறப்புப் பாதுகாப்புள்ள வகை. 2021 ஜூலையிலிருந்து சட்டம் முழு வலுவோடு இருக்கிறது, அபராதம் ஒரு கோடி ரேண்ட் வரை போகலாம். வாட்ஸ்அப் குழுவில் கால் படத்தையும் பெயரையும் போடும் பழக்கத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

அடுத்து, உங்கள் செயலி வெறுமனே நாள் நினைவூட்டினால் ஒன்று, "இந்தக் கால் ஆபத்தானது, இந்தச் சிகிச்சை செய்" என்று கணக்கிட்டுச் சொன்னால் வேறொன்று. இரண்டாவது மருத்துவக் கருவி ஆகிவிடும். மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்க 2018-இல் வந்த சாப்ரா ஆணையத்தின் கீழே ஏ முதல் டி வரை நான்கு வகுப்பு உண்டு, தயாரிப்பவருக்கு உரிமம் வேண்டும். தெரிந்தே முதல் வகையில் நில்லுங்கள்.

அரசு கிளினிக்கில் சோதித்துப் பார்த்து முடிவை வெளியிட நினைத்தால், முதலில் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, பிறகு மாகாணத்தின் ஆராய்ச்சி அனுமதி, அதற்கப்புறம் அந்த இடத்து நிர்வாகி. மாதக்கணக்கில் ஆகும். டாக்டர்களுக்கு ஆள் அனுப்பினால் கமிஷன் என்ற பேச்சே வேண்டாம், மருத்துவ கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது.

ஹோவிக்_இளைஞன் | வியாழன் மாலை

இத்தனை விதி இருந்தால் எவன் தொடங்குவான்? முதலில் செய்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்பதுதான் ஸ்டார்ட்-அப்.

மருந்துக்கடை_மாமா | வியாழன் இரவு

தம்பி, டாக்ஸி செயலிக்கு அப்படிச் செய்யலாம். எச்.ஐ.வி. மருந்து வாங்கும் பெண்ணின் பெயர் தெருவில் கசிந்தால் அவளுக்கு வீடே போய்விடும். என் கடையில் அப்படி ஒரு பெண் பொட்டலத்தைப் பிரித்து, மாத்திரையை வேறு டப்பாவில் கொட்டிக்கொண்டு போவதை வருஷக்கணக்கில் பார்த்தேன். விதி எழுதியவர்களுக்கு அவளைத் தெரியாவிட்டாலும், விதி அவளுக்காகத்தான்.

டர்பன்_கடலோரம் | வெள்ளி இரவு

முதல் பதிவில் டர்பனுக்கு வா என்று ஏன் சொன்னேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நானும் ஓர் உள்நாட்டு ஊரில் செய்து பார்த்தேன். கிளினிக்கில் நேரம் குறித்துக்கொடுக்கும் செயலி. ஊர், கிளினிக் பெயர் வேண்டாம். ஒன்பது மாதம், என் சேமிப்பு முழுவதும். கிளினிக் மேலாளர் அம்மாவுக்கு மிகவும் பிடித்திருந்தது, அவரே தினமும் டேப்லெட்டைத் திறந்து உட்காருவார். அவருக்கு இடமாற்றம் வந்தது. இரண்டு வாரம் கழித்து நான் போனபோது டேப்லெட் மேஜை டிராயரில், சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

யார் மேலும் கோபம் இல்லை. காரணம் பிறகு புரிந்தது. நர்ஸ்கள் எங்கள் டேப்லெட்டில் எழுதியதையே மறுபடி காகிதப் பதிவேட்டிலும் எழுத வேண்டியிருந்தது. மாவட்டத்துக்குப் போவது காகிதம்தான். நாங்கள் அவர்கள் சுமையைக் குறைக்கவில்லை, ஒரு பதிவேட்டைக் கூட்டியிருந்தோம். ஒன்பது மாதமும் அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் பதிவேட்டைத் திறந்து பார்க்கவில்லை. வார்டு அக்கா மாதிரி ஒருவர் முதல் வாரமே பக்கத்தில் இருந்திருந்தால் ஒரே நாளில் சொல்லியிருப்பார்.

பொறியாளன், நீங்கள் மறுபடி கூட்டினால் நான் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

வார்டு_அக்கா | சனி காலை

வாங்க தம்பி. மனசைத் தேத்திக்கோங்க.

இப்ப நான் சொல்றபடி செய்யுங்க. சனிக்கிழமை காலை பத்து மணி. மாசக் கடைசி சனி வேண்டாம், சம்பளம் வந்திருக்கும், எல்லாரும் கடைக்குப் போயிடுவாங்க. வாடகை அரங்கம் வேண்டாம், இம்பாலி பக்கம் டாக்ஸி நிக்கற இடத்துக்குக் கிட்ட ஒரு சர்ச் கூடம் பாருங்க. வர்றவங்களுக்கு டாக்ஸிக் காசைக் கையில குடுத்துடுங்க, அப்புறம் தர்றேன்னு சொல்லாதீங்க. முதல் அரை மணி நேரம் லேப்டாப் திறக்கக் கூடாது. ஒரு நர்ஸோ, வீடு வீடா நடக்கற சுகாதாரப் பணிப்பெண்ணோ அந்த வாரம் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லட்டும். இசிசூலுல சொன்னா யாராவது மொழிபெயர்க்கட்டும், அவங்க பாஷைய மாத்தச் சொல்லாதீங்க. பரிசு, போட்டி ஒண்ணும் வேண்டாம். போட்டி வெச்சா சகோதரிங்க வாயே திறக்க மாட்டாங்க.

ரெய்ஸ்தார்ப்_பொறியாளன் | ஏழு வாரம் கழித்து

நடந்ததைச் சொல்ல வந்தேன்.

அக்கா சொன்னபடியே இரண்டு சனிக்கிழமை கூடினோம். முதல் தடவை 17 பேர், அதில் 6 நர்ஸ், 3 சுகாதாரப் பணிப்பெண்கள். இரண்டாவது தடவை 19. எண்ணிக்கை பெரிதில்லை, ஆனால் முதல் தடவை வந்தவர்களில் 14 பேர் திரும்ப வந்தார்கள்.

முதல் அரை மணியில் ஒரு பணிப்பெண் பேசினார். காலில் புண்ணோடு இருக்கும் ஒரு கோகோவைக் கடிதம் எழுதிக் கிளினிக்குக்கு அனுப்பினாராம். அங்கே போனாரா, என்ன சொன்னார்கள் என்று தெரிய, அடுத்த மாதம் அதே குன்றை ஏறித்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. போனபோது கடிதம் பைபிளுக்குள் மடித்தபடி இருந்தது. டாக்ஸிக்குக் காசில்லை.

அதைக் கேட்டு நாங்கள் நினைத்து வைத்திருந்த செயலியை அங்கேயே கைவிட்டோம். டர்பன் அண்ணன் எழுந்து பதிவேட்டின் ஒரு பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டார். அதில் ஏற்கெனவே இருக்கும் கட்டங்களை மட்டும் வைத்துக் கிளினிக்குக்கு அனுப்பும் கடிதத்தை அமைத்தோம். நோயாளி வந்ததும் கிளினிக் கதவருகே அதில் ஒரு ஸ்டாம்பு: கடிதத்தின் கீழ்ப்பாதியைக் கிழித்துப் பணிப்பெண்ணின் பெட்டியில் போடுவார்கள். பெயர் இல்லை, எண் மட்டும். விதிமுறை அண்ணன் வரிவரியாகப் பார்த்தார். கிளினிக் நிர்வாகியிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. வரும்வரை காகிதத்திலும் தொடங்கப் போவதில்லை.

விரலால் தொடும் சோதனையை மட்டும் ஆரம்பித்துவிட்டோம். நார்த்டேல் தங்கை அன்றைக்கே எல்லாரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார். கூடத்தில் ஒருவர் காலை ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நட்டாலியாவில் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஓர் ஐயா, மருந்துக்கடை மாமா அழைத்து வந்தவர், வலது காலில் மூன்று விரலும் தெரியவில்லை என்றார். அவருக்குச் சர்க்கரை இருப்பதே அதுவரை தெரியாது. திங்கட்கிழமை மாமாவே கூட்டிக்கொண்டு போனார்.

எதிர்வீட்டு ஆயாவுக்கு ஆறும் தெரிந்தது. அவருடைய மருந்தும் இப்போது பொட்டலமாகப் பக்கத்துக் கடைக்கே வருகிறது. நாலரைக்கு எழுந்த பழக்கம் மட்டும் போகவில்லை, வாசல் தெளித்துவிட்டு எனக்காகக் காத்திருக்கிறார்.

அடுத்த கூட்டம் வரும் மாதம் இரண்டாவது சனி. புனித வெள்ளிக்கு முன்னால் எங்கள் தெருக் கோயிலில் நோன்பு தொடங்கும் நாளில், விரும்புகிறவர்களுக்குக் கால் பார்க்கக் கேட்டிருக்கிறோம். பெரியவர்கள் யோசித்துச் சொல்வதாக இருக்கிறார்கள். இசிசூலுவும் தமிழும் எழுதத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும், ஒரு பக்கச் சீட்டு எழுத.

நார்த்டேல்_மகள் | அன்றிரவு

சீட்டு நான் எழுதுகிறேன் அண்ணா. இசிசூலுவை என்னோடு படித்த தோழி பார்த்துத் திருத்துவாள். பெரியவர்களிடம் அப்பாவைப் பேசச் சொல்லியிருக்கிறேன், அவர் மிதித்தவர், அவர் சொன்னால் கேட்பார்கள்.

வார்டு_அக்கா | அன்றிரவு

ரெண்டாவது சனி எனக்கு டே ஷிப்ட். மாத்திக்கிட்டேன். எங்க வார்டிலிருந்து இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க, டாக்ஸிக் காசு எடுத்து வெச்சிடுங்க.